சத்தம் போனால் பெட்டியை அடிக்காதீர்கள்

நோரீன் த்ரெல்ஃபாலின் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கறுப்பு பட்டன் இருந்தது. நடிக்கிறவர் வசனம் மறந்து முழித்தால் அவள் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் ஸ்டுடியோவின் மைக்குகள் அத்தனையும் செத்துப்போகும். நாடு முழுக்க டிவியில் படம் ஓடும், சத்தம் இருக்காது. அந்த இடைவெளியில் அவள் வசனப் புத்தகத்தைப் பார்த்து அடுத்த வரியை உரக்கச் சொல்லுவாள். நடிகர் பிடித்துக்கொண்டதும் விரலை எடுப்பாள், சத்தத்துக்கு உயிர் வரும். அதற்குள் வீடுகளில் ஜனங்கள் தங்கள் பெட்டியில்தான் கோளாறு என்று அதன் மண்டையில் ரெண்டு போடு போட்டிருப்பார்கள். சத்தம் வந்ததும், அடித்த அடியில்தான் வந்தது என்று நம்புவார்கள். ஒரு பாவமும் அறியாத எத்தனையோ பெட்டிகள் நோரீனால் அடி வாங்கியிருக்கின்றன.

'டேனர்ஸ் லேன்' என்கிற அந்தப் போலீஸ் நாடகம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோறும் மான்செஸ்டரிலிருந்து நேரடியாகப் போய்க்கொண்டிருந்தது. முன்கூட்டிப் பிடித்து, வெட்டி ஒட்டி, அழகு பார்த்து அனுப்புகிற சமாச்சாரம் இல்லை. இவர்கள் நடிக்க நடிக்க நாடு பார்க்கும். போலீஸ் ஸ்டேஷன் கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டால் அதையும் பார்க்கும். இன்ஸ்பெக்டர் பாலார்டாக நடித்த டெஸ்மண்ட் கார்பெட்டுக்கோ, புகழ் ஏற ஏற ஞாபகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரிரு வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த பட்டனுக்கு வேலை வைத்துவிடுவார்.

நாடகம் முடிந்து பெயர்கள் ஓடும்போது டோப்பா வைத்தவருக்குப் பெயர் வரும், மேஜை நாற்காலி தேடிக் கொடுத்தவருக்குப் பெயர் வரும். நோரீனுக்கு வராது. வேலையில் சேர்ந்த வாரம் அவள் அப்பா கிளிஃபர்ட் கேட்டார். "பேரும் வராது, மூஞ்சியும் வராதுன்னா, நீ அங்கதான் இருக்கேன்னு நாங்க எப்படிம்மா தெரிஞ்சிக்கறது?"

"சத்தம் போனா அது நான்தாம்ப்பா. பெட்டியை அடிக்காதீங்க."

அன்றிலிருந்து பர்ன்லியில் அவர்கள் வீட்டுத் தெருவில் மட்டும் சத்தம் போனால் ஒருவரும் பெட்டியைத் தொடுவதில்லை. "நம்ம நோரி வந்துட்டா" என்று டீயைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

நிமிர்ந்து உட்கார இன்னொரு காரணமும் இருந்தது. பர்ன்லி நெசவாலை ஊர். தறிகள் ஓடுகிற கொட்டகைக்குள் பக்கத்தில் இடி விழுந்தாலும் காதுக்கு எட்டாது. அங்கே நிற்கிற பெண்கள் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே கேட்பார்கள். நோரீனின் அம்மா எட்னா பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து தறியில் நிற்கிறவள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் நிற்கும் பக்கத்துத் தறி மேபெலிடம் சத்தமே இல்லாமல் ஒரு முழுக் கல்யாணத்தைக் கிழித்துத் தொங்கவிடுவாள். சர்ச்சில் பாதிரியார் பிரார்த்தனைக்கு நடுவே தன் மனைவியிடம் என்ன முணுமுணுத்தார் என்பது திங்கட்கிழமை ஆலை முழுக்கத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட தெருவுக்கு, சத்தம் செத்த டிவி ஒரு குறையே இல்லை. சத்தம் செத்தபிறகு நடிகர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் அவர்களுக்கு நாடகத்திலேயே ருசியான பாகம். இந்த விஷயம் ஸ்டுடியோவில் யாருக்கும் தெரியாது. யாரும் நோரீனைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமைதான் வினை வந்தது. கதைப்படி ஒரு இளம் கான்ஸ்டபிள் செத்துக் கிடக்கிறான். இன்ஸ்பெக்டர் பாலார்ட் மண்டியிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பேச வேண்டிய இடத்தில் பேசவில்லை. நோரீன் பொறுத்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அமுக்கினாள். "'இவன் அம்மாவுக்கு யார் போய்ச் சொல்றது?'" என்று வரியை எடுத்துக் கொடுத்தாள். கார்பெட் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்து, "நான் நடிச்சிக்கிட்டிருக்கேன்டி முண்டம்" என்றார். பிறகு மறுபடி பிணத்தின் பக்கம் திரும்பிக் கண்ணீர் விட்டார்.

அன்றைக்கு அவள் வீட்டுப் படி ஏறுமுன்னே எட்னா ஆரம்பித்துவிட்டாள். "அந்தக் கிழம் உன்னை முண்டம்னு சொல்லுச்சே, நீ சும்மாவா இருந்தே?"

"விடும்மா."

"என்னத்த விடறது? தெருவே பார்த்துச்சு. மேபெலுக்கு வாயில வச்ச பிஸ்கெட் மடியில விழுந்துருச்சு."

மறுநாள் ஒரு லண்டன் பத்திரிகை எழுதியது: ஆண்டின் மிகச் சிறந்த மௌனத்தை ஒரு ஒலிக்கோளாறு கெடுத்துவிட்டதாம். டைரக்டர் ஜூலியன் ஃபெந்தம் அதைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தார். அவர் எல்லாரையும் டார்லிங் என்பார். அங்கே டார்லிங் என்றால் பெயர் ஞாபகமில்லை என்று அர்த்தம்.

"டார்லிங், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீ திரும்ப மேல டைப்பிங் அறைக்குப் போக வேண்டியதுதான். எனக்கும் வருத்தமாத்தான் இருக்கும்."

அவருக்கு ஒரு வருத்தமும் இருக்காது என்பது நோரீனுக்குத் தெரியும். அவள் லீட்ஸில் இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவள். அவர்கள் வம்சத்திலேயே கையெழுத்தைத் தவிர வேறு எதையும் எழுதிய முதல் ஆள் அவள்தான். அப்பா ஆலையில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு டிவி கம்பெனிக்கு வந்தபோது, "பட்டமெல்லாம் சரிம்மா, டைப்பிங் ஸ்பீடு என்ன?" என்று கேட்டார்கள். அதே மாதம் அதே பட்டத்தோடு வந்த ஒரு பையனை அப்படிக் கேட்கவில்லை. அவனுக்கு மேஜையும் தொப்பி மாட்ட ஒரு கொக்கியும் கொடுத்தார்கள். அந்த டைப்பிங் அறையில் அடுத்தவன் எழுதிய மட்டமான வசனங்களைப் பிழை திருத்தித் திருத்தி அடித்து, கெஞ்சி, சண்டை போட்டு, ஒருவழியாக ஸ்டுடியோவுக்குள் கால் வைத்திருந்தாள். அந்த அறைக்குத் திரும்பிப் போக அவள் தயாராக இல்லை.

கார்பெட் ஒரு சட்டம் போட்டார். "கேட்டுக்கோ குழந்தே. எனக்கு வரி வேணும்னா என் வலது கை டை முடிச்சுக்குப் போகும். கை டைக்குப் போகாம உன் விரல் பட்டனுக்குப் போகக்கூடாது."

"வேற யோசனையில டையைத் தொட்டீங்கன்னா?"

"நான் யோசிக்காம டையைத் தொடறதில்ல. நான் நடிகன்."

இந்த வாரக் கதை ஒரு பந்தயப் புறாத் திருட்டு. பொருள்கள் சேகரிக்கிறவர் ஒத்திகைக்கு ஒரு வெள்ளைப் புறாவைக் கொண்டுவந்தார். நாடகத்துக்கு ஆலோசனை சொல்ல வைத்திருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர், சார்ஜென்ட் ஹாவொர்த், அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"இது கல்யாணக் கேக்கு மேல உக்கார்ற புறாவாச்சே. இதைத் திருடினவனை நாங்க பிடிக்க மாட்டோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம்."

நோரீனின் அப்பாவிடம் நிஜப் பந்தயப் புறாக்கள் இருந்தன. அதில் டச்சஸ் என்கிற சாம்பல் நிறப் பேடை அவருக்கு மகளுக்கு அடுத்தபடி. ஆனால் எட்னா சொல்லுவாள், அடுத்தபடி இல்லை, முந்தினபடி என்று. நோரீன் கேட்டதும் அவர் யோசித்து யோசித்து, நிபந்தனைகளோடு சம்மதித்தார். டச்சஸின் காலை ரெண்டு விரலுக்கு நடுவே பிடிக்க வேண்டும், கட்டைவிரல் இறக்கை மேல் இருக்க வேண்டும், நாடகம் முடியும்வரை தீனி காட்டக்கூடாது, யாரும் 'அவன்' என்று சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை காலை கூடையை மடியில் வைத்துக்கொண்டு நோரீன் பஸ்ஸில் வந்தாள். கார்பெட் பிடிக்கக் கற்றுக்கொண்ட விதத்தில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. மனுஷன் கையில் டச்சஸ் குழந்தை மாதிரி உட்கார்ந்தது.

"என்னைவிட இவளுக்கு க்ளோஸப் அதிகம் போல," என்றார் கார்பெட்.

"இவ வசனம் மறக்க மாட்டா," என்றார் சார்ஜென்ட்.

அன்றைக்குத்தான் நிஜக் கைவிலங்கும் வந்தது. ஒத்திகை முழுக்க ஒரு கம்பளித் துண்டை வைத்துத்தான் ஒப்பேற்றியிருந்தார்கள். சார்ஜென்ட் தன் பழைய விலங்கைக் கொண்டுவந்து, கார்பெட்டின் இடது கையையும் திருடனாக நடிக்கும் கீத் அஸ்பினாலின் கையையும் சேர்த்துப் பூட்டப் போனார். மேலே கண்ணாடி அறையிலிருந்து ஜூலியனின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "மாத்துங்க டார்லிங். வலது கையில பூட்டுங்க. இடது கையில புறா. அப்பதான் என் கேமராவுக்குப் புறா தெரியும்."

"எந்தப் போலீஸ்காரனும் தன் வலது கையைத் திருடன்கிட்ட குடுக்க மாட்டான் சார்," என்றார் சார்ஜென்ட்.

"ஜனங்களுக்குப் புறா தெரிஞ்சா போதும் சார்ஜென்ட். சட்டம் தெரிய வேண்டாம்."

சார்ஜென்ட் வலது கையில் பூட்டிக் காட்டிவிட்டுத் திறந்தார். காட்சி வரும்போது அழுத்தினால் அதுவே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும் என்றார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இந்த அநியாயத்தைப் பார்க்கத் தன்னால் முடியாது என்று எதிரே இருந்த பப்புக்குப் போய்விட்டார்.

ஒளிபரப்பு ஆரம்பித்து, முதல் பாதி வழுக்கிக்கொண்டு போனது. திருட்டு நடந்தது, துரத்தல் நடந்தது, டேனர்ஸ் லேன் ஸ்டேஷனில் எல்லாரும் டீ குடித்தார்கள். விசாரணை அறைக் காட்சிக்கு விளக்குகள் ஏறின. ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி. கார்பெட்டின் வலது கை கீத்தின் கையோடு பூட்டியிருந்தது, இடது கையில் டச்சஸ். நோரீன் கேமராவுக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நின்றாள். அவர் கழுத்து டையைப் பார்த்தாள். பிறகு பூட்டியிருந்த வலது கையைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் இப்போது எதையாவது மறந்தால் எந்தக் கையால் டையைத் தொடுவார்? வாயைத் திறந்து சொல்லவும் வழியில்லை. நாடு கேட்டுக்கொண்டிருந்தது.

கார்பெட் ஆரம்பித்தார். "இதைப் பாரு ஆல்பி. நல்லாப் பாரு." ஆல்பி என்பது கீத்தின் திருட்டுப் பெயர். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து வர வேண்டியது நீளமான பேச்சு. அதைக் கேட்டுத்தான் திருடன் உடைந்து அழுது ஒப்புக்கொள்ள வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த வாரக் கதையே இல்லை.

கார்பெட் பேசவில்லை.

புறாவைப் பார்த்தார். திருடனைப் பார்த்தார். கண் கலங்கியது. அப்படி ஒரு முகத்தை நோரீன் அதுவரை அவரிடம் பார்த்ததில்லை. அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் ஜூலியன் உருகினார். "அற்புதம். இதான் நடிப்பு. யாரும் அசையாதீங்க. கேமரா, கிட்டப் போ."

கார்பெட்டின் வலது கை மேஜையிலிருந்து எழும்பியது. அது எழும்ப, கீத்தின் கையும் கூடவே எழும்பியது. கீத் லேசுப்பட்ட நடிகன் இல்லை. திருடன் வேஷம் என்றதும் ஒரு வாரம் சந்தையில் திருடர்களோடு திரிந்தேன் என்று சொல்லிக்கொள்கிறவன். போலீஸ் கை இழுத்தால் திருடன் என்ன செய்வானோ அதைச் செய்தான். வெடுக்கென்று கீழே இழுத்தான். கை மேஜைக்குத் திரும்பியது.

"கீத் பிரமாதம்," என்றது ஹெட்போன்.

மறுபடி எழும்பியது. மறுபடி இழுத்தான்.

நோரீன் பட்டன் மேல் கட்டைவிரலை வைத்தாள். மறதியாக இருந்து அவள் அமுக்காவிட்டால் நாடகம் நடுத்தெருவில் நிற்கும். நடிப்பாக இருந்து அவள் அமுக்கினால் திங்கட்கிழமை காலை டைப்பிங் அறை. முந்தின தடவையாவது அவர் ஒருத்தர்தான் நடித்துக்கொண்டிருந்தார். இப்போது கீத்தும் சேர்ந்து நடிக்கிறான், மேலே ஜூலியன் ரசிக்கிறார், புறா கூட உருக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தது. யாரைப் பார்த்து முடிவு செய்வது?

கை மூன்றாவது தடவை எழும்பியது. முதல் தடவை அரிப்பாக இருக்கலாம், ரெண்டாவது தடவை நடிப்பாக இருக்கலாம். மூன்றாவது தடவையும் ஒரு மனுஷன் அதே இடத்துக்குப் போகிறான் என்றால் அவனுக்கு அங்கே ஏதோ வேண்டியிருக்கிறது.

அமுக்கினாள்.

"யார் அமுக்கினது? அந்தப் பொண்ணா? ஐயோ, அவர் நடிச்சிக்கிட்டிருக்கார்," என்று ஹெட்போன் அலறியது. கேமராக்காரர்கள் எல்லார் காதிலும் அதே அலறல்தான். நோரீன் ஹெட்போனைக் கழுத்துக்குத் தள்ளிவிட்டு வரியைச் சொன்னாள்.

"'இந்தப் புறாவுக்கு வீட்டுக்கு வழி தெரியும், ஆல்பி.'"

கார்பெட்டின் முகம் இன்ஸ்பெக்டர் பாலார்டாகவே இருந்தது. அதே கலங்கின கண், அதே நெற்றிச் சுருக்கம். வாய் மட்டும் கார்பெட்டாக மாறியது. "எந்தப் புறா?"

"உங்க கையில இருக்கே, அது."

"அது தெரியுது குழந்தே. அடுத்தது என்ன? எழவு, ஒரு வார்த்தை மனசுல இல்ல. சிலேட்டைத் துடைச்ச மாதிரி இருக்கு."

"'உனக்குத் தெரியுமா? உங்கம்மா ஜன்னல்ல விளக்கைப் போட்டுட்டு உக்காந்திருக்கா. போன கிறிஸ்துமஸ்லேர்ந்து உக்காந்திருக்கா.'"

"ஆங், கிறிஸ்துமஸ். வந்துருச்சு." கார்பெட் உருக்கமாகத் திருடனைப் பார்த்தார். "ஏன்டா, கையை விடுடா நாயே. டை வரைக்கும் போக விட மாட்டேங்கறியே."

"நான் திருடன் சார். இழுக்கத்தான் செய்வேன்," என்றான் கீத், கண்ணீர் வழிய.

"நீ நல்லா இருப்பே குழந்தே. விரலை எடு."

எடுத்தாள். சத்தம் வந்தது. இன்ஸ்பெக்டர் பாலார்ட் பேசினார். புறாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் ஜன்னல் விளக்கைப் பற்றியும் அவர் பேசப் பேச, கீத் மேஜையில் முகத்தைப் புதைத்துக் கதறி ஒப்புக்கொண்டான். கறிக்கடைக்காரர் மாதிரி உடம்பு வைத்த ஒரு கேமராக்காரர் சட்டைக்கையால் மூக்கைத் துடைத்தார். பெயர்கள் ஓடின. டோப்பாக்காரர் பெயர் வந்தது.

விளக்கு அணைந்ததுமே ஜூலியன் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். "டார்லிங், என் வாழ்நாள்ல நான் பார்த்த நல்ல மௌனம் ரெண்டு. ரெண்டையும் நீ கொன்னுட்டே."

"அவர் மறந்துட்டார் சார். கேட்டுப் பாருங்க."

ஜூலியன் திரும்பினார். கார்பெட் ஒரு கையில் புறாவும் மறு கையில் கீத்துமாக நின்றார். மேக்கப் போடுகிற பெண்கள், விளக்குக்காரர்கள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோரீன் அவர் முகத்தில் அதைப் பார்த்தாள். உண்மை வாசல் வரைக்கும் வந்தது, கூட்டத்தைப் பார்த்தது, திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

"நடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்," என்றார் கார்பெட். "ஆனா பரவாயில்ல, சின்னப் பொண்ணு. நான் சமாளிச்சிட்டேன்."

"எந்தப் புறான்னு கேட்டீங்களே சார்."

"நானா?"

"கீத், நீ சொல்லு. உன் காதுலதானே விழுந்துச்சு."

கீத் தரையைப் பார்த்தான். அவனுக்கு அடுத்த மாதம் இதே நாடகத்தில் இன்னொரு வேஷம் பேச்சில் இருந்தது. "நான் பாத்திரத்துக்குள்ள இருந்தேன் நோரீன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

ஒரு வாரம் சந்தையில் திரிந்ததற்கு நிஜத் திருடனிடமிருந்து கொஞ்சம் நேர்மையாவது கற்றுக்கொண்டு வந்திருக்கலாம்.

"திங்கட்கிழமை மேல போயிடு டார்லிங்," என்றார் ஜூலியன்.

நோரீன் அழவில்லை. அழுதால் அதையும் சின்னப் பொண்ணு கணக்கில் எழுதிக்கொள்வார்கள். கார்பெட்டிடம் போய் டச்சஸை வாங்கிக் கூடைக்குள் விட்டாள். "கொடுங்க. மறந்ததை நடிப்புன்னு சொல்ல இவளுக்குத் தெரியாது," என்றாள். கார்பெட் வேறு பக்கம் பார்த்தார். கூடையை மூடி, கோட்டை மாட்டும்போதுதான் டெலிபோன் போர்டில் உட்காரும் முரியல் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மிஸ்டர் ஃபெந்தம், போர்டு பூரா விளக்கா எரியுது. என்னால முடியல. பர்ன்லி, நெல்சன், ஆக்ரிங்டன், பிளாக்பர்ன். அத்தனையும் பொம்பளைங்க."

"சத்தம் போச்சுன்னு திட்டறாங்களா?" ஜூலியன் நோரீனை ஒரு பார்வை பார்த்தார்.

"சத்தத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல சார். அந்தப் பொண்ணைக் கேக்கறாங்க. இன்ஸ்பெக்டருக்கு வரி எடுத்துக் குடுத்துச்சே, அதைத் திட்டிடாதீங்கங்கறாங்க."

"எந்த இன்ஸ்பெக்டருக்கு?"

முரியல் கார்பெட்டைப் பார்க்கச் சங்கடப்பட்டு விளக்குகளைப் பார்த்துச் சொன்னாள். "சிலேட்டைத் துடைச்ச மாதிரி ஆயிருச்சாம். எந்தப் புறான்னு கேட்டாராம். கையிலயே புறாவை வச்சுக்கிட்டுக் கேட்டாரேன்னு ஒரு அம்மா சிரிச்சு சிரிச்சு, மிச்சத்தைச் சொல்ல முடியாம வச்சுட்டாங்க. ஆக்ரிங்டன்காரம்மாவும் அதையேதான் சொல்றாங்க. வார்த்தை மாறாம."

யாரும் பேசவில்லை. இந்த மௌனத்தில் நடிப்பு கொஞ்சமும் இல்லை.

"ஆனா மைக் செத்திருந்துச்சே," என்றார் ஜூலியன். "இவங்களுக்கு எப்படி?"

நோரீன் கோட்டின் பட்டன்களைப் போட்டுக்கொண்டே சொன்னாள். "அவங்க நெசவாலைக்காரங்க சார். தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்க. நீங்க சத்தத்தை நிறுத்தினா அவங்களுக்கு ஒண்ணும் நிக்காது. இன்னும் தெளிவாக் கேக்கும்."

கார்பெட்டின் முகத்திலிருந்து இன்ஸ்பெக்டர் பாலார்ட் முழுசாக இறங்கிப் போயிருந்தார். "எத்தனை பேரு?"

"ஆலை இருக்கற ஊரு பூரா."

"எப்பலேர்ந்து?"

"நாடகம் ஆரம்பிச்சதுலேர்ந்து. எங்க தெருவுல பாதிப் பேரு அதுக்காகத்தான் பெட்டியே வாங்கினாங்க."

அவர் இத்தனை காலமாகச் சத்தம் செத்த இடைவெளிகளில் என்னென்ன பேசியிருக்கிறார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருவது முகத்தில் தெரிந்தது. வசனம் மறக்கிற மனுஷனுக்கு அதெல்லாம் மட்டும் மறக்கவில்லை. "மார்ச் மாசம்," என்று மெதுவாக ஆரம்பித்தார். "அந்த நகைக்கடைக் கதையில. ஜூலியனைப் பத்தி நான் ஒண்ணு..."

"என்னைப் பத்தி என்ன?" என்றார் ஜூலியன்.

"எங்கம்மா சொன்னாங்க," என்றாள் நோரீன். "நான் சொல்ல மாட்டேன். நான் சின்னப் பொண்ணு."

கார்பெட் அவளைப் பார்த்தார். பிறகு, தன் வலது கையை உயர்த்தினார். கீத்தின் கையும் கூடவே உயர்ந்தது, இந்தத் தடவை அவன் இழுக்கவில்லை. கார்பெட் டை முடிச்சைத் தொட்டார்.

"மறந்துட்டேன் ஜூலியன்," என்றார். "சுத்தமா மறந்துட்டேன். இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் இன்னும் அங்கயே புறாவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். இவளை மேல அனுப்பினா நானும் மேல போயி டைப் அடிக்கறேன்."

"எனக்கும் இப்ப ஞாபகம் வருது," என்றான் கீத். "எந்தப் புறான்னு கேட்டார்."

"நீ பாத்திரத்துக்குள்ளயே இரு," என்றாள் நோரீன்.

முரியல் தொண்டையைச் செருமினாள். "இன்னும் ஒண்ணு சார். எட்னா த்ரெல்ஃபால்னு ஒரு அம்மா. லைனை வைக்க மாட்டேங்கறாங்க. தெருமுனை பூத்துல வரிசை கட்டி நிக்கறாங்களாம், ஆளுக்கொரு காசு போட்டு லைனைப் பிடிச்சு வச்சிருக்காங்களாம். போன வாரம் முண்டம்னு சொன்னதுக்கு மிஸ்டர் கார்பெட் வந்து பேசணுமாம்."

சார்ஜென்ட் இன்னும் பப்பில்தான் இருந்தார், சாவி அவர் பையில்தான் இருந்தது. ஆகவே கார்பெட் போனுக்குப் போனபோது கீத்தும் கூடவே போனான். நோரீன் கூடையோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். "ஆமாங்கம்மா," என்றார் கார்பெட். "இல்லைங்கம்மா. சரிங்கம்மா. தப்புதாங்கம்மா." பிறகு நெடுநேரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "புறா நல்லா இருக்குன்னு சொல்லுங்கம்மா. இல்ல, தீனி போடல," என்றார். பூத்துக்குள் அப்பா நுழைந்துவிட்டார் என்று நோரீனுக்குப் புரிந்தது.

அவள் வேலை அவளிடமே இருந்தது. சூட்டோடு சூடாக ஜூலியனிடம் கேட்டாள். "என் பேரும் கடைசியில வரணும் சார்."

"பட்டன் அமுக்கறவ பேரைப் போட்டா, நாங்க வசனம் மறக்கறோம்னு நாடே தெரிஞ்சிக்குமே டார்லிங்."

"என் பேரு நோரீன்."

"தெரியும்," என்றார் ஜூலியன். தெரிந்திருக்கவில்லை. இனிமேல் தெரியும். "இப்போதைக்குப் பேரு போட முடியாது நோரீன்." அவளுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடி கேட்பதாக முடிவு செய்துகொண்டாள். இப்போதைக்கு என்று சொன்னது அவர்தானே.

அடுத்த வெள்ளிக்கிழமை கதை ஒரு சைக்கிள் கடைத் தீவிபத்து. கார்பெட்டின் ரெண்டு கையும் காலியாக இருந்தன. காட்சியின் நடுவே, தீயில் கருகின கடையைப் பார்த்தபடி நின்றவர், வலது கையை டை முடிச்சுக்குக் கொண்டுபோனார். நோரீன் அமுக்கினாள். வரியைச் சொல்ல வாயைத் திறந்தாள். கார்பெட் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். நேராகக் கேமராவைப் பார்த்தார். நெற்றியில் அதே சுருக்கம், கண்ணில் அதே கண்டிப்பு.

"திருமதி த்ரெல்ஃபால் அம்மா," என்றார். "வரி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இது உங்களுக்காக. உங்க பொண்ணு மாதிரி ஒரு ஆளு இந்தக் கட்டடத்துலயே கிடையாது. அவ பேரு நோரீன் த்ரெல்ஃபால். மேபெலையும் கேட்டேன்னு சொல்லுங்க. பிஸ்கெட்டுக்கு மன்னிச்சுக்கச் சொல்லுங்க."

தெற்கே ஊர் ஊராக ஜனங்கள் எழுந்து தங்கள் பெட்டிகளை அடித்துக்கொண்டிருப்பார்கள். பர்ன்லியில் ஒருவரும் அசைந்திருக்க மாட்டார்கள்.

கார்பெட் முடித்துவிட்டு, விரலை எடுக்கலாம் என்று கண்ணைக் காட்டினார். நோரீன் உடனே எடுக்கவில்லை. உதட்டில் படித்ததை அம்மா இன்னொரு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று, தேவைக்கு மேலே கொஞ்ச நேரம் அமுக்கியே வைத்திருந்தாள்.